குலுக்காத புட்டி

சிவராஜின் குடுமி ரோஜாவின் கையில் சிக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அப்பா ராஜமாணிக்கம் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் தன் பழைய ஆய்வகக் குறிப்பேட்டின் ஜெராக்ஸ் பக்கங்களைச் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பி, அந்த ஆளின் மேல் இரண்டாவது புகாரை எழுத உட்கார்ந்திருந்தாள்.

முதல் புகார் மண்ணைக் கவ்வியிருந்தது.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் ரோஜா. ராமநாதபுரம் கடற்கரையில் கிடைக்கும் பழுப்புக் கடற்பாசியிலிருந்து ஒரு சர்க்கரைப் பொருளைப் பிரித்தெடுத்து, பாறைத் தூசியால் நுரையீரலில் விழும் தழும்பை அது தடுக்குமா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கோலார் தங்கவயலில் வளர்ந்தவளுக்கு அந்தக் கேள்வி பள்ளிக்கூட நாளிலேயே தொடங்கிவிட்டது. அவளுடைய உயிர்த்தோழி வாணியின் அப்பா தசரதன், தங்கச் சுரங்கத்தில் இருபத்தைந்து வருஷம் பாறை துளைத்தவர். மாரிகுப்பத்தில் அவர்கள் வீட்டில் அவர் இருமுகிற சத்தத்துக்கு நடுவேதான் இரண்டு பெண்களும் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தார்கள்.

ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் சிவராஜ். அவரும் தங்கவயல்காரர்தான். அவருடைய அப்பாவும் ராஜமாணிக்கமும் மண்வாரி இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். "நம்ம ஊர்ப் பொண்ணு" என்று சொல்லித்தான் அவளைச் சேர்த்துக்கொண்டார். அவள் கடலுக்குப் போய் மீனவப் பெண்களோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி பறித்தாள். உலர்த்தினாள், சாறு எடுத்தாள், இருபத்துநான்கு எலிகளை வளர்த்தாள். எலிகளின் மூச்சுக்குழாயில் குவார்ட்ஸ் தூசி கலந்த உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பாதி எலிகளுக்கு மட்டும் தினமும் பாசிச் சாறு கொடுத்தாள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, சாறு குடித்த எலிகளின் நுரையீரல் பஞ்சு மாதிரி மிருதுவாக இருந்தது. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே அழுதாள்.

"இன்னொரு தடவ செஞ்சு பாத்துடலாம் சார்" என்று கேட்டாள்.

"ரிப்பீட்டெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். முதல்ல பேப்பர் போவட்டும்" என்றார் சிவராஜ்.

பேப்பர் போனது. வெளிவந்தும் விட்டது. முதல் பெயர் சிவராஜ். இரண்டாவது பெயர், சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத பிரேம். ரோஜாவின் பெயர் கடைசிப் பக்கத்து நன்றியுரையில், எலிக்கூண்டு கழுவியவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. போய்க் கேட்டாள்.

"நீ கையால செஞ்சே. யோசிச்சது நான்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அவளால் மறக்க முடியாமல் போனது அந்தக் கோபமில்லாத குரலைத்தான். அவள் புகார் கொடுத்தாள். அம்மாவின் கடைசி நாட்களில் அவள் எடுத்த விடுப்பையெல்லாம் பட்டியல் போட்டு, இவள் வேலைக்கே ஒழுங்காக வராதவள் என்று விசாரணைக் குழுவில் சொல்லிவிட்டார் சிவராஜ். அம்மா சாவைக்கூட அந்த ஆள் விடவில்லை. குழு அவர் பக்கம் சாய்ந்தது. அவள் வேலை புதுப்பிக்கப்படவில்லை. ஊருக்கே திரும்பி, ஒரு கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கச் சேர்ந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தேடியது, தான் செய்த வேலைக்கான ஆதாரத்தை. அகப்பட்டது வேறு ஒன்று. தூசி கொடுத்த நாளின் பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: "11.10. கரண்ட் போய்விட்டது. ஷேக்கர் ஓடவில்லை. எலி 1 முதல் 24 வரை வரிசையாக. முடிந்தது 11.55."

முதலில் அவள் அதைத் தாண்டிப் போய்விட்டாள். பிறகு பக்கத்தைத் திருப்பி மறுபடி படித்தாள். ஷேக்கர் என்பது தூசி கலந்த நீரைக் குலுக்கிக்கொண்டே இருக்கும் சின்ன இயந்திரம். குலுக்காவிட்டால் தூசி அடியில் உட்கார்ந்துவிடும். அன்றைக்கு ஆரம்பத்தில் ஒரு தடவை கையால் குலுக்கியது ஞாபகம் இருந்தது. அப்புறம் குலுக்கியதாக ஞாபகமே இல்லை. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை சாறு கொடுக்காத எலிகள். பதின்மூன்றிலிருந்து இருபத்துநான்கு வரை சாறு குடித்த எலிகள்.

மறுநாள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியில் குவார்ட்ஸ் பொடியையும் உப்புநீரையும் ஊற்றிக் குலுக்கி வைத்து, கடிகாரத்தைப் பார்த்தாள். அரைமணி நேரத்தில் மேலே இருந்த தண்ணீர் தெளிந்துவிட்டது. கடைசிப் பன்னிரண்டு எலிகளின் நுரையீரல் மிருதுவாக இருந்ததற்கு மருந்து காரணமில்லை. அவற்றின் மூச்சில் தூசியே போகவில்லை. அவ்வளவுதான். உலகமெல்லாம் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்த அந்தக் கண்டுபிடிப்பு ஒரு மின்வெட்டில் பிறந்தது. அந்தக் குறிப்பேட்டுப் பக்கத்தின் அடியில், படிக்காமலே போட்ட கையெழுத்து ஒன்று கொழுக்மொழுக்கென்று உட்கார்ந்திருந்தது: சிவராஜ்.

வீட்டுக்கு வந்தவள் பாதி எழுதியிருந்த புகாரைச் சுக்குநூறாகக் கிழித்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா, தானா சிரிக்கறே?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. ஒரு கணக்கு தப்பாப் போட்டிருந்தேன். இப்பதான் தெரிஞ்சிது."

அவளுடைய தப்புதான். முழுக்க முழுக்க அவளுடைய தப்பு. ஆனால் அதைத் திருடிக்கொண்டு போய்த் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டவர் அவர். இப்போதே சொன்னால் ஒரு சின்னத் திருத்தம் போட்டுவிட்டு, கையால் செய்தவள் தலையில் பழியைக் கட்டித் தப்பித்துவிடுவார். ஏறட்டும் என்று முடிவு செய்தாள். எவ்வளவு உயரம் ஏறுகிறாரோ ஏறட்டும். விழுந்தால் எலும்பு தேறக்கூடாது.

இரண்டு வருஷம் காத்திருந்தாள். சிவராஜுக்கு விருது கிடைத்ததை டிவியில் பார்த்தாள். அவர் இயக்குநர் ஆனதைப் பேப்பரில் படித்தாள். ஒவ்வொரு செய்தியையும் கத்தரித்து ஒரு கவரில் போட்டு வைத்தாள். கல்லூரியில் பாடம் எடுக்கும்போதும், ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதும், மேடையில் அவர் முகம் தொங்கிப்போகிற காட்சியைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பாள். வாய்க்குள் கற்கண்டு மாதிரி அது கரைந்துகொண்டே இருந்தது. அந்த இரண்டு வருஷமும் அவள் நன்றாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவளுடைய தாய்மாமா வெங்கடசாமிக்கு ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை. ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பக்கம் போனவளைப் பார்த்ததும் அவர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"ரோஜா, வாம்மா வா! உன் மருந்து வந்துகீது பாரு!"

கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டு முழுக்கப் பச்சை டப்பாக்கள். 'பாசிப்ராணா. கடல் தரும் மூச்சு.' டப்பாவின் பக்கவாட்டில் சிவராஜின் சிரித்த முகம். அலமாரிக் கண்ணாடியில் மாமா தன் கையால் எழுதி ஒட்டியிருந்தார்: 'நமது தங்கவயல் விஞ்ஞானி ரோஜா கண்டுபிடித்த ஆராய்ச்சி மருந்து.'

"இதுல எம்பேரே இல்ல மாமா."

"அதுல இல்லன்னா இன்னா? ஊருக்குத் தெரியும் யார் செஞ்சதுன்னு. மைசூர் மைன்ஸ்லேருந்து வரானுங்க, மாரிகுப்பத்துலேருந்து வரானுங்க. நெஞ்சுல டஸ்ட் இருக்கற ஒருத்தன் பாக்கி இல்ல. நான்தான் எல்லார்கிட்டயும் சொல்றேன், எந்தங்கச்சி பொண்ணு செஞ்சது, பயப்படாம சாப்புடுங்கன்னு."

அவள் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். 'முழுக் கடற்பாசிப் பொடி.' சாற்றைப் பிரித்தெடுக்கிற வேலையே இல்லை. சிவராஜின் முகத்தைப் போட்டு விற்கிற கம்பெனி, பாசியை அப்படியே அரைத்து மாத்திரையாக அடைத்திருக்கிறது. உணவுப் பொருள் என்று பதிவு செய்துவிட்டதால் மருந்துக்கு உண்டான பரிசோதனையும் இல்லை. பழுப்புப் பாசியில் அயோடின் கொட்டிக்கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு உடம்பு கேட்பதைப் போலப் பல மடங்கு ஒரே மாத்திரையில் இருக்கும். கழுத்தில் கழலை உள்ளவர்களுக்கு அது ஆகாது. இந்தப் பக்கத்து வயசானவர்களில் கழலை உள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"ஜூலை மாசம் அவரே வராராம்மா, சிவராஜ் சார். நந்திதுர்க் ஹால்ல பாராட்டு விழா. கமிட்டிக்காரங்க என்னாண்ட வந்தாங்க. உங்க பொண்ணும் நாலு வார்த்த பேசணும்னு கேட்டாங்க. நான் சரின்னுட்டேன்."

மேடை. மைக். சொந்த ஊர். சிவராஜின் அப்பாவைத் தெரிந்தவர்கள், அவர் பள்ளிக்கூட வாத்தியார்கள், எல்லாரும் முன்வரிசையில். இத்தனை நாள் கற்பனையில்கூட இவ்வளவு பொருத்தமான இடத்தை அவள் போட்டுப் பார்த்ததில்லை.

"பேசறேன் மாமா" என்றாள். டப்பாவை அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தாள். விழாவுக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது.

விழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது வாணி போன் செய்தாள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. விடிகாலை மாரிகுப்பம் ரயிலைப் பிடித்தால் திரும்பி வர ராத்திரி ஆகிவிடும். அதனால் தோழிகள் பார்த்துக்கொள்வது மாதத்துக்கு ஒரு தடவைதான்.

"ஏய், எங்கப்பா ஆள மாத்திட்டடீ நீ! ரெண்டு மாசமா உன் மாத்திரைதான். இன்ஹேலர் பப்பு அடிக்கறதே வுட்டுட்டாரு. ஒரு எடத்துல ஒக்கார மாட்டேங்கறாரு. ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே வராரு. வந்து பாரு."

ரோஜா அன்றைக்கே போனாள். தசரதன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. சட்டை தோளிலிருந்து தொங்கியது. மழைக்காற்று சிலுசிலுவென்று வீசும்போதும் நெற்றியில் வேர்வை. டம்ளரை நீட்டிய விரல்கள் நடுங்கியதில் காபி விளிம்பு தாண்டித் தளும்பியது. கழுத்தில், சிறுவயதிலிருந்தே அவள் பார்த்து வந்த எலுமிச்சம்பழ அளவுக் கழலை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அயோடின் அந்தக் கழலையைத் தூண்டிவிட்டிருக்கிறது.

"பெரீப்பா, இந்த மாத்திரைய கொஞ்ச நாளைக்கு நிறுத்திடுங்க. பப்பு அடிங்க."

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான். ரொம்ப நாள் சேந்தாப்புல சாப்புடக்கூடாது."

அவர் சிரித்தார். "இன்னாம்மா இது, நீ செஞ்ச மருந்த நீயே வேணான்றே? மைன்ல லெவலுக்கு எறங்கற காலத்துலகூட எனக்கு இவ்ளோ தெம்பு இருந்ததில்ல. கேஜ்ல ஏத்தி வுடு, இப்பவே எறங்கி ஒரு ஷிப்டு பாத்துட்டு வரேன்."

காரணத்தைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். வாணிக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் சிவராஜ் வரமாட்டார். பதினைந்தே நாள். "டாக்டர் கிட்ட காட்டுங்க பெரீப்பா" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ரயில்வே கேட்டைத் தாண்டும்வரை, சொல்லத்தானே சொன்னேன் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

அதிலிருந்து பதினோராம் நாள் காலையில் தசரதன் பல் விளக்கப் போன இடத்தில் விழுந்தார். வலது கையும் காலும் வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மம்தா, கோலார்ப் பக்கத்துக் கன்னடப் பெண், வராந்தாவில் நின்றே விளக்கினாள். கழுத்துக் கழலை தறிகெட்டுச் சுரந்திருக்கிறது, இதயம் தாளம் தப்பித் துடித்திருக்கிறது, அதில் உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போய்விட்டது. "இந்த மாதத்தில் இதே மாதிரி படபடப்போடு வந்தவர்கள் இவரோடு நாலு பேர். புதிதாக ஏதாவது சாப்பிட்டாரா?" என்று கன்னடத்தில் கேட்டாள்.

வாணி பைக்குள் கைவிட்டுப் பச்சை டப்பாவை எடுத்தாள். "இது ஒண்ணுதான் டாக்டர். ஆனா இது நல்ல மருந்து. தோ, இவதான் கண்டுபுடிச்சா."

மம்தா டப்பாவையும் ரோஜாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதில் என்ன இருக்கிறது?"

"அயோடின்" என்றாள் ரோஜா. "நிறைய."

வாணியின் கை அப்படியே நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"லேபிள்ல இருக்கு."

வாணி லேபிளைத் திருப்பிப் பார்த்தாள். அதில் அயோடின் என்ற சொல்லே இல்லை. ஆனால் உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டதால் ஓடிவிட்டாள்.

அன்று மதியமே ரோஜா மம்தாவிடம் மாத்திரையைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்தாள். மாமா கடைக்குப் போய் டப்பாக்களை அலமாரியிலிருந்து இறக்கச் சொன்னாள். எலிகளைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. நாலு நாள்தான் பாக்கி. இப்போது அவளுக்குள் இருந்தது பழைய கற்கண்டு அல்ல. நெருப்பை விழுங்கிவிட்டுத் துப்ப இடம் தேடுகிறவள் மாதிரி இருந்தாள். இதற்கும் சேர்த்து அந்த ஆள்தான் பதில் சொல்லவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஹால் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பழைய சுரங்கத் தொழிலாளிகள், தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அவள் அப்பா, மாமா. சிவராஜ் கழுத்தில் ரோஜாப்பூ மாலை, தோளில் சால்வை. "நான் எங்க போனாலும் இந்த மண்ணோட புள்ளதான்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அவள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று, "ரோஜா என் ஸ்டூடன்ட். ரொம்ப உழைப்பாளி" என்று சிரித்தார்.

அவள் கைப்பையிலிருந்து கண்ணாடிப் புட்டியை எடுத்தாள். வெண்ணிறமாகக் கலங்கும்வரை நன்றாகக் குலுக்கி, எல்லாரும் பார்க்கும்படி மைக்குக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தாள்.

"இதுல இருக்கறது குவார்ட்ஸ் தூசி. இங்க ஒக்காந்திருக்கற நெறைய பேரு அண்டர்கிரவுண்ட்ல மூச்சா இழுத்தது இதத்தான். நான் பேசி முடிக்கற வரைக்கும் இத யாரும் குலுக்காதீங்க. அது மட்டும் போதும்."

சிவராஜின் சிரிப்பு உதட்டில் இருந்தபடியே நின்றுவிட்டது. கண் புட்டியின் மேல் போனது. அவர் முட்டாள் இல்லை.

அவள் அவசரப்படவில்லை. கடலிலிருந்து ஆரம்பித்தாள். பாசி பறித்தது, சாறு எடுத்தது, எலி வளர்த்தது, பேப்பரில் தன் பெயர் போன இடம், அம்மாவின் சாவை வைத்து அவர் விசாரணையில் சொன்னது, எல்லாவற்றையும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நடுவில் கமிட்டிக்காரர் ஒருவர் மைக்கை வாங்க வந்தபோது முன்வரிசையிலிருந்து ஒரு கிழவர் "வுடுய்யா, பேசட்டும்!" என்று அதட்டினார். கடைசியில் கரண்ட் போன நாளுக்கு வந்தாள். புட்டியைத் தொடாமல் விரலால் காட்டினாள். மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் வெள்ளையாக ஒரு படிவு.

"மொத எலிக்குப் போனது பால் மாதிரி தண்ணி. கடைசி எலிக்குப் போனது, தோ, இந்தத் தண்ணி. மருந்து குடிச்ச எலிங்க நுரையீரல் ஏன் நல்லா இருந்திச்சின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

"அப்ப மருந்து?" என்றார் அதே கிழவர்.

"ஒண்ணும் செய்யல. இப்ப டப்பாவுல வர்ற பாசி அத விட மோசம். தசரதன் பெரியப்பா ஆஸ்பத்திரில கெடக்கறாரு."

ஹாலில் இரைச்சல் கிளம்பியது. சிவராஜ் எழுந்தார். மாலையைக் கழற்றக்கூட மறந்துவிட்டிருந்தார். அது ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது.

"குலுக்காம வுட்டது யாரு? அந்த டோஸ் குடுத்தது நீதானே?"

"நான்தான் சார். தப்பு என்னோடதுதான்." ஜெராக்ஸ் பக்கத்தை உயர்த்திக் காட்டினாள். "கீழ இருக்கற கையெழுத்து யாரோடது? இன்னொரு தடவ செஞ்சு பாக்கலாம்னு கேட்டப்போ வேணாம்னது யாரு?"

அவர் முகம் தொங்கியது. அவள் இரண்டு வருஷம் நினைத்து நினைத்து வைத்திருந்ததைவிட அதிகமாகத் தொங்கியது. அவருடைய பழைய கணக்கு வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு நிமிஷம் ரோஜாவின் உடம்பெல்லாம் குளிர்ந்தது.

அப்புறம் சிவராஜ், மைக் இல்லாமல், அந்தப் பழைய கோபமில்லாத குரலில் கேட்டார்.

"எப்ப தெரியும் ரோஜா உனக்கு?"

முன்வரிசைக்கு அது நன்றாகவே கேட்டது. இரைச்சல் அடங்கியது. போன வாரம் என்று சொன்னால் போதும். எல்லாரும் நம்புவார்கள். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் வாணியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். கதவோரமாகச் சாப்பாட்டுக் கேரியரோடு நின்றிருந்தாள். லேபிளைத் திருப்பிப் பார்த்த அதே பார்வை.

"ரெண்டு வருஷமாச்சு" என்றாள் ரோஜா.

வெங்கடசாமி மாமா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். வாணி கேரியரைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வீடு வரைக்கும் அப்பா அவளுக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தார்.

"முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தேம்மா. கொற தெரிஞ்ச பீஸ, அப்பறம் சொல்லிக்கலாம்னு ஒரு நாள் வெச்சிருந்ததில்ல." உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்தது. பேப்பரைத் திரும்பப் பெற்றார்கள். பாசிப்ராணா கடைகளிலிருந்து காணாமல் போனது. சிவராஜை இயக்குநர் பதவியிலிருந்து இறக்கினார்கள், விசாரணை வைத்தார்கள். இப்போது எங்கேயோ மகள் வீட்டில் இருக்கிறார் என்றும், யாரையும் பார்ப்பதில்லை என்றும் பிரேம் போன் செய்து சொன்னான். ரோஜாவையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்கு என்ன காரணம் என்று கேட்டபோது, "அவர் விழணும்னு" என்று பதில் சொன்னாள். எழுத்து வடிவத்திலும் அதையே கொடுத்தாள். இனி ஆராய்ச்சி வேலைக்கு எந்த இடத்திலும் அவளை எடுக்கமாட்டார்கள். கல்லூரி வேலை மட்டும் தப்பியது. மாமா டப்பா வாங்கிப் போனவர்கள் வீட்டுக்கெல்லாம் நடந்தே போய், கும்பிட்டு, மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். அவளைப் பார்த்தால் "வாம்மா" என்பார். எழுந்து வருவதில்லை.

வாணி அவளுடைய போனை எடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து கம்பெனி மேலும் சிவராஜ் மேலும் கொடுத்த புகாரில், மூன்றாவது ஆளாக ரோஜாவைச் சேர்க்கச் சொன்னவள் வாணிதான் என்று கேள்விப்பட்டாள். அவள் இடத்தில் இருந்தால் தானும் அதைத்தான் செய்திருப்போம் என்று ரோஜாவுக்குத் தோன்றியது. அதற்குமேல் தோன்றியவை எதுவும் ஆறுதலாக இல்லை.

அக்டோபரில் ஒரு நாள் தசரதனே ஆளனுப்பினார். ரோஜா போனபோது கதவைத் திறந்த வாணி ஒதுங்கி வழிவிட்டாள். தசரதன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் துணி மாதிரி கிடந்தது. பேச்சு குழறினாலும் புரிந்தது.

"ஒக்காரு."

உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்பதற்காக வழியெல்லாம் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள்; அதைத் தொடங்குவதற்குள் அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பாறை துளைத்த கை, இன்னமும் பிடி இறுகியது.

"அவன்... மூஞ்சி... எப்படி இருந்திச்சி?"

"பெரீப்பா..."

"சொல்லு. நான் பாக்கல."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ரோஜா சொல்ல ஆரம்பித்தாள். சால்வை, மாலை, மண்ணோட புள்ள என்றது, புட்டியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தசரதனுக்கு வாயின் ஒரு பாதி சிரித்தது. "மாலை... கழட்டலயா?" என்று கேட்டார். "கழட்டல, ஒரு பக்கமா தொங்கிச்சி" என்றாள். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. அவள் முதுகைத் தடவிவிட்டாள். சொல்லும்போது தன் குரலில் அந்தப் பழைய ருசி ஊறுவது அவளுக்கே கேட்டது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"அப்பறம்?" என்றார்.

அப்பறம் சிவராஜ் கேட்ட கேள்வி. அதையும் சொன்னாள். தான் சொன்ன பதிலையும் சொன்னாள். தசரதனின் சிரிப்பு மெல்ல இறங்கியது. அவர் பிடி தளர்ந்தது. கையை விடவில்லை, இறுக்கவும் இல்லை. ஜன்னல் வழியே ஸ்டேஷன் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாணி ஒரு டம்ளரில் கஞ்சியும் ஸ்பூனும் கொண்டுவந்து ரோஜாவின் முன்னால் ஸ்டூலில் வைத்தாள்.

"எனக்கு டிரெஸ் தொவைக்கற வேல இருக்கு. ஊட்டி வுட்டுட்டுப் போ. எடது பக்கமா ஊட்டு, வலது பக்கம் ஒழுவும்."

வாணி கொல்லைப்பக்கம் போனாள். ரோஜா ஸ்பூனை எடுத்தாள்.